மிஞ்சிய ஒரே போட்டியாளர்

"கையெடுத்துக் கும்பிடறேன் அண்ணே, பட்டறையை மட்டும் மூடிடாதீங்க!"

உலகம் முழுக்கச் சோப்பு விற்கும் கம்பெனியின் விற்பனை மேலாளர், டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில் அடுப்பு அணைந்து கிடந்தது. அண்டா காலி. மர அச்சுகளைத் துடைத்து மூலையில் அடுக்கியிருந்தார்கள்.

சோப்புக்காரர் ஒரு அச்சை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அவர் மனைவிதான் கேட்டாள்.

"நாங்க மூடணும்னுதானே சார், ரெண்டு வாங்கினா ரெண்டு இலவசம்னு அள்ளி விட்டீங்க?"

"அது போன வருஷத்து உத்தரவு அக்கா. இப்ப கோர்ட்டு வேற மாதிரி சொல்லிடுச்சு. போட்டிக்கு ஒருத்தராவது இருக்கணுமாம். இல்லேன்னா எங்க கம்பெனியை நாலு துண்டா வெட்டிடுவாங்களாம். முதல் துண்டே நான்தான்!"

மேலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னச் சோப்புக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டித்தான் இந்தப் பதவிக்கே வந்தார். அத்தனை சுறுசுறுப்பு காட்டியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றியது.

"வேற யாரும் கிடைக்கலையா?" என்றார் சோப்புக்காரர், தரையைப் பார்த்தபடி.

"பச்சை சோப்பு போட்டாரே, அவரைப் போய்க் கெஞ்சினேன். அவரு இப்ப எங்க கேட்டிலேயே வாட்ச்மேன். 'இங்க பி.எஃப். இருக்கு, நான் வரலை'ன்னு சொல்லி, என்னையே உள்ள விடாம அடையாள அட்டை கேக்கறாரு!"

மனைவி சிரிப்பை முந்தானையால் மறைத்தாள்.

"என்ன வேணும்னு சொல்லுங்க அண்ணே. விளம்பரமா? எங்க செலவுல எடுக்கறோம். ஒரு நடிகை எங்க சோப்பைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, உங்களுதை எடுத்து மோந்து பார்த்துச் சிரிப்பாங்க. கம்பெனி ஆளுங்க எல்லாரும் உங்க சோப்புலதான் குளிக்கணும்னு சுற்றறிக்கையே போட்டாச்சு."

"விக்கறதுல குறையில்லை சார்…" சோப்புக்காரர் இழுத்தார்.

"எப்படிக் குறையும்? எங்க ஆராய்ச்சிக்கூடத்துல உங்க சோப்பை ஒரு மாசம் வச்சுப் பார்த்துட்டு, நம்மளுதைவிட ஒரு படி மேலேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஏன், என் மாமியாருக்கு எங்க சோப்பு பட்டாலே உடம்பெல்லாம் அரிப்பு. உங்களுது மட்டும்தான் ஒத்துக்குது. அப்புறம் எதுக்கு மூடறீங்க?"

சோப்புக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே அதட்டினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி தரையைப் பார்த்தார்.

"ஏங்க, மனுஷன் அழுதிடுவாரு போல இருக்கு. சொல்லித் தொலைங்களேன்!"

"சரக்கு வரமாட்டேங்குது சார்."

மேலாளர் வாளியிலிருந்து துள்ளி எழுந்தார். "அவ்வளவுதானா? எண்ணெயா, காஸ்டிக் சோடாவா, வாசனையா? எந்த நாட்டுல இருந்தாலும் கப்பல்ல இறக்கித் தர்றேன். தலைமை ஆபீஸ்ல இப்பவே சொல்லிடறேன்." போனைக் காதில் வைத்துவிட்டார். "சொல்லுங்க அண்ணே, என்ன சரக்கு?"

சோப்புக்காரர் தயங்கித் தயங்கி நிமிர்ந்தார்.

"கப்பலெல்லாம் எதுக்கு சார்? உங்க ஃபேக்டரி பின்வாசல்ல, உடைஞ்சு போன சோப்பையெல்லாம் கழிவுன்னு மூட்டை கட்டி விப்பாங்களே, அதை நிறுத்திட்டாங்க. அதை மட்டும் திரும்ப விடச் சொல்லுங்க, நாளைக்கே உருக்கி எங்க அச்சுல ஊத்திடறேன்!"