மடக்கிய இலை

டாக்டர் அம்பிளி தாமஸின் இலையில் ஜிஸ்மி இன்னொரு கரண்டிச் சோற்றைக் கொட்டினாள்.

தடுக்கப் போன அம்பிளி டீச்சரின் கை பாதி வழியில் நின்றது. பக்கத்தில் பிரின்சிபால் பாதிரியார், எல்லோருக்கும் அச்சன், உட்கார்ந்திருந்தார். எதிரே போட்டோக்காரர். நீண்ட கை அப்படியே திரும்பிப் போய்ப் புடவைத் தலைப்பைச் சரிசெய்தது.

“வேண்டாம்னு சொல்லாதீங்க டீச்சரே, கொச்சுப் பொண்ணு ஆசையா விளம்புதுல்ல” என்றார் அச்சன்.

ஆசையாகத்தான். ஜிஸ்மி மேலும் ஒரு கரண்டி போட்டாள்.

அன்று காலையில்தான் கல்லூரியின் ‘உணவு நலத் துணை மையம்’ திறக்கப்பட்டிருந்தது. சாப்பிடப் பயப்படும் மாணவிகளைத் தோளில் கைபோட்டு மீட்டு வருவதற்கான மையம். தலைவி, டாக்டர் அம்பிளி. பேனரில் பூசணிக்காயைவிட அவர் முகம் பெரிதாக இருந்தது. மின்விசிறிக் காற்றில் குத்துவிளக்கின் திரிகள் அணைந்து அணைந்து போயின. அவருடைய பேச்சு மட்டும் அணையவில்லை. “உணவை நேசியுங்கள்” என்று ஒருவழியாக முடித்தபோது பலத்த கைதட்டல், முடிந்துவிட்டதே என்று.

செலவு மிச்சம் என்று அதே பந்தலில் ஓணச் சத்யா விருந்தையும் வைத்துவிட்டார்கள்.

இரண்டு ஓணத்துக்கு முன்னால் இதே டீச்சர் வகுப்பில் எடை மெஷினைக் கரும்பலகைக்குக் கீழே வைத்து, பெயர் சொல்லி ஒவ்வொருவராக ஏற்றினார். பாடமாம். ஜிஸ்மி ஏறியதும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

“சட்டுனு எறங்கு மோளே. மெஷின் காலேஜோடது.”

வகுப்பு சிரித்தது. பாடம் நன்றாகவே பதிந்தது. ஜிஸ்மி சாப்பிடுவதை நிறுத்தினாள். ஒரு வருஷம் போயிற்று, முடி போயிற்று, போகப் பார்த்த உயிர் மட்டும் எதையோ மறந்து வைத்த மாதிரி திரும்பி வந்தது.

இப்போது அவள்தான் மையத்தின் முதல் வெற்றியாம். சாப்பாடு முடிந்ததும் மைக்கில் டீச்சருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். “ரெண்டு வரி போதும். கண்ணுல தண்ணி வந்தா இன்னும் நல்லது” என்று டீச்சரே சொல்லிக் கொடுத்திருந்தார்.

பரிமாறும் கூட்டத்தில் ஜிஸ்மி தானாகப் போய்ப் பெயர் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

திட்டம் எளிமையானது. ஊரே பார்க்க டீச்சர் தின்ன வேண்டும். மூச்சு முட்டத் தின்ன வேண்டும். ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்கும்போது எல்லோருடைய கண்ணும் கூடவே இறங்குவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். இன்றைக்கு, இந்த மேசையில், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மற்ற இலைகளுக்கெல்லாம் பாயசம் ஊற்றிவிட்டு, கடைசியாக வாளியோடு அவள் வந்தபோது டீச்சரின் இலை மடக்கியிருந்தது.

பாயசம் வருமுன் இலை மடக்குவதை அந்த ஊர் கேள்விப்பட்டதில்லை. ஒருவர் மடக்கிய இலையை இன்னொருவர் திறப்பதையும் கேள்விப்பட்டதில்லை.

ஜிஸ்மி திறந்தாள்.

எல்லாம் அங்கேயே இருந்தது. சோறு முழுவதும் அவியலுக்கு அடியில் மெழுகினது போலப் பரவியிருந்தது. மேலே நொறுக்கித் தூவிய பப்படம். இவ்வளவு நேரம் விரல்கள் பிசைந்தன, வாய் மென்றது. இரண்டுக்கும் நடுவில் எதுவுமே நடக்கவில்லை.

இந்தக் கைவேலை ஜிஸ்மிக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நேர்த்தி ஒரு வருஷத்தில் வராது.

டீச்சரின் கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. தங்க வளையல் கழன்று விழாமலிருக்க உட்புறம் நூல் சுற்றியிருந்தது.

“மடக்கு மோளே.” உதடு அசையவில்லை.

ஒரு சத்தம் போதும். போட்டோக்காரர் சும்மாதான் நின்றுகொண்டிருந்தார். பேனரும் பின்னாலேயே பொருத்தமாகத் தொங்கியது.

அச்சன் இந்தப் பக்கம் திரும்பினார். “என்ன கொச்சே, டீச்சருக்குப் பாயசம் இல்லையா?”

ஜிஸ்மி வாளியை அச்சனுக்கும் இலைக்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள்.

“டீச்சர் இன்னும் முடிக்கல அச்சா. இப்பதான் ஆரம்பிக்கிறாங்க. நீங்க போய்க் கை கழுவுங்க, நான் கூட இருக்கேன்.”

அச்சன் போனார். அவர் பின்னால் பந்தியும் கலைந்தது. ஜிஸ்மி ஒரு நாற்காலியை இழுத்து, டீச்சருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“எழுந்து போடீ” என்றார் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“இந்த வருஷம் மழை விடவே மாட்டேங்குது, இல்ல டீச்சரே?”

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தாள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஜிஸ்மியின் எதிரே இப்படித்தான் வந்து உட்காருவாள். திட்ட மாட்டாள், கெஞ்ச மாட்டாள், சோற்றைப் பற்றிப் பேசவே மாட்டாள். மழையைப் பற்றி, பஸ் கூட்டத்தைப் பற்றி, வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசுவாள். தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். உலகத்தில் டீச்சரைவிட அதிகமாக ஜிஸ்மி வெறுத்த ஆள் அவள் ஒருத்திதான்.

வெகுநேரம் கழித்து டீச்சரின் விரல் ஒரு பருக்கையைத் தொட்டது. எடுத்தது. வாய்க்குள் போனது. பிறகு நிமிர்ந்து ஜிஸ்மியைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் அதே வெறுப்பு, சொட்டுக் குறையாமல் இருந்தது.

ஜிஸ்மி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.