யானையின் முதுகு

யானை அரசாண்ட காட்டில் தண்ணீர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. செலவு அரசாங்கத்துடையது. நடத்தியதோ பக்கத்து ஆற்று நீர்நாய்கள்.

“தீனி போடுறது நாம. ஆராய்ச்சிக்கு மட்டும் எதுக்கு வெளியாளு?” என்று மந்திரி நரி ஓயாமல் முணுமுணுத்தது.

யானைக்கு நீர்நாய்கள் மேல் பிரியம். “அப்படின்னா இனிமே அவங்களும் அரண்மனை ஆளுங்கதான்” என்று சொல்லி, தலைமை நீர்நாய்க்குத் தன் பக்கத்திலேயே இடம் கொடுத்தது.

அந்தக் கோடையில் யானை ஆசை ஆசையாக ஒரு குளம் வெட்டியது. தாகத்தோடு குட்டிகள் கரையில் நின்றன.

“தண்ணி எப்படி இருக்கு?” என்று யானை நீர்நாயைக் கேட்டது.

முன்பெல்லாம் நீர்நாய் தண்ணீரைப் பார்த்தபடியேதான் பதில் சொல்லும். இன்று யானையின் முகத்தைப் பார்த்தது.

“அருமையான குளம், மகாராஜா!” என்றது. வால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

யானை அந்த வாலையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டி நின்றது.

“நீ உன் ஆத்துக்கே போயிடுப்பா. தீனி எப்பவும்போல வரும். இப்போ என் முகம் தெரியலையே? சொல்லு, குட்டிங்களை இறக்கலாமா?”

“வேண்டாங்க” என்றது நீர்நாய், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.