ஒரு கிளாஸ் மைலோ

"உங்க மகளை இந்த ஆய்வுல சேர்த்துக்க முடியாது, மிஸ்டர் சுகுமாறன்."

டாக்டர் லக்ஷ்மிப்ரியா சொல்லி முடிக்கவில்லை, சுகுமாறனுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறிவிட்டது.

பக்கத்து நாற்காலியில் மகள் லோஷினி. வயது பன்னிரண்டு, பார்த்தால் எட்டுதான் சொல்வார்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று போன மாதம்தான் தெரிந்தது. தினமும் ஊசி போட்டால் வளர்வாளாம். அதை வெளியே வாங்கிப் போடுவது ஒரு லாரி டிரைவரால் ஆகிற காரியமா? ஆய்வில் சேர்ந்தால் இலவசம் என்றுதான் பண்டார் தெங்காராவிலிருந்து விடியுமுன்னே கிளம்பி ஜொகூர் பாருவுக்கு வந்திருந்தான்.

"ஏன் டாக்டர்?"

"வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு சொல்லியிருந்தோம். காலையில மைலோ குடிச்சதா லோஷினியே சொல்றா."

சுகுமாறன் மனைவியை முறைத்தான்.

"ஒரே ஒரு கிளாஸ்தாங்க," என்றாள் ஷர்மினி. "பிள்ள முகம் வாடிப் போச்சு."

"அலமாக்! ஒரு கிளாஸ் மைலோவுக்கா டாக்டர்? நாளைக்கே கூட்டிட்டு வரேன் லா. பச்சத்தண்ணிகூடக் குடுக்க மாட்டேன்!"

"வேணாம். பேரை எடுத்தாச்சு. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்! ஆராய்ச்சி பண்ண உங்களுக்குப் பிள்ளைங்க வேணும், அவ்வளவுதான். எங்க கஷ்டம் எங்க தெரியப் போவுது?"

மகள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினான்.

கார் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் ஷர்மினிக்கு அர்ச்சனைதான்.

"பிள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

"நான் உண்மையச் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டாள் லோஷினி.

சுகுமாறன் கார் கதவைத் திறந்தான்.

"தம்பி, நில்லுங்க!"

டாக்டரின் நர்ஸ் கமலாட்சி மிஸ்ஸி மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் சின்ன ஐஸ் பெட்டி.

"லோஷினிக்கு ஊசி மருந்து. டாக்டர் குடுத்து விட்டாங்க. உள்ள வாங்க, போடறது எப்படின்னு சொல்லித் தரேன்."

சுகுமாறனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆய்வுலதான் சேர்க்கலையே?"

"இது ஆஸ்பத்திரியே குடுக்கிற மருந்து, காசு கிடையாது. ஆய்வுல குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்குத்தான் ஊசி. மத்தவங்கள ஒரு வருசம் உயரம் மட்டும் அளந்து பார்ப்பாங்க. உங்க பிள்ளைக்கு ஒரு வருசம் காத்திருக்க நேரம் கிடையாது தம்பி. எலும்பு வளர்ச்சி சீக்கிரம் நின்னுடும்னு கை எக்ஸ்ரேல தெரிஞ்சுது. டாக்டர் போன வாரமே இந்த மருந்து வேணும்னு எழுதிப் போட்டாங்க. அனுமதிக் கையெழுத்து இன்னைக்குத்தான் வந்துச்சு. அதைச் சொல்ல வந்தா, நீங்க எங்க பேச விட்டீங்க?"

"அப்ப அந்த மைலோ?"

"அட, சாப்பிட்டுட்டு வந்த நாலு பிள்ளைங்களுக்கு வேற நாள் குடுத்திருக்கோமே! பேரை எடுக்கணும்னா ஃபாரத்துல ஒரு காரணம் எழுதணுமில்ல? அது கிடைச்சுது, எழுதிட்டாங்க."

ஷர்மினி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சுகுமாறனுக்கு வெட்கமாகிவிட்டது. என்னவெல்லாம் பேசிவிட்டான்!

"டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் மிஸ்ஸி. ரூம்லதானே இருக்காங்க?"

"இப்பப் பார்க்க முடியாது தம்பி. மேலிடத்துல கூப்பிட்டுத் திட்டிட்டு இருக்காங்க. நாப்பது பிள்ளைங்க சேரலைன்னா டாக்டரோட ஆய்வையே மூடிடுவாங்க, நாளையோட கெடு. உங்க மகதான் நாப்பதாவது."