கண்டாக்கின் கால்

காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்ததும் நாகலெட்சுமி முதலில் மோந்து பார்த்தாள். சீழ் வாடை இல்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்தான் மணத்தன.

“நொண்டுதா?”

வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ஜீவராஜ் கேட்டான்.

ஒன்பது நாளாக இதே கேள்வி. தின்றதா என்று கேட்கமாட்டான். தூங்கியதா என்று கேட்கமாட்டான். நொண்டுதா, அவ்வளவுதான்.

அவள் மடியில் கிடந்த வாத்தின் பாதத்தைத் திருப்பினாள்.

பெரிய சாதி வெள்ளை வாத்து. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்துக்குள் யார் காலடி வைத்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிப்போய் அதட்டும். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் கண்டாக்கையா போடுகிற சத்தம் அப்படியே. அதனால் அதற்கும் கண்டாக்கு என்றே பெயர் விழுந்துவிட்டது. நிஜக் கண்டாக்கையாவின் காதுக்கு இது இன்னும் எட்டவில்லை. எட்டினால் இருக்கிறது கூத்து.

அப்பேர்ப்பட்ட கண்டாக்கு, பத்து நாளைக்கு முன் கால் பந்தாக வீங்கி, கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது. இனித் தேறாது என்று லயமே சொன்னது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. நாகலெட்சுமிக்கு அதுதான் பிள்ளை.

முதலில் பக்கத்துக் காம்பரா காளியாயியைத்தான் சந்தேகப்பட்டாள். இந்தச் சனியனால் தூக்கம் போச்சு என்று மூன்று மாதமாகப் புலம்பியவள் அவள்தானே? ஆனால் பாதத்தைக் கீறியபோது வெளியே வந்தது வேலிக் கட்டையின் சிராய். காளியாயியை வாய்க்கு வந்தபடி ஏசியதுதான் மிச்சம்.

இப்போது சந்தேகமெல்லாம் புருஷன் மேல்.

பின்னே? போன மாதம்வரை கண்டாக்கைக் காலால் எத்தித் தள்ளிய மனுஷன். இப்போது ஹட்டனுக்குப் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வருகிறான். கால் கழுவ உப்புத் தண்ணீர் சுட வைக்கிறான். முந்தாநாள் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கஞ்சிகூட ஊட்டினான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். அவளுக்கு ஒரு வாய் ஊட்டியிருப்பானா?

யோசனை வந்தால் அவள் கை காதுக்குப் பின்னால் போய்விடும். அங்கே ஒரு தடிப்பு. போன வருஷம் நாலாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து கொட்டியதில் வந்தது. அதைத் தடவிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள்.

விற்கப் போகிறான். நொண்டி வாத்தை எவன் வாங்குவான்? அதுதான் இந்தக் கேள்வி.

கண்டாக்கைத் தரையில் விட்டாள்.

அது எழுந்தது. ஓர் அடி. இரண்டு அடி. நேராகத் தண்ணீர் ஓடும் கானோரம் போய், அங்கே படுத்திருந்த நாயை ஓர் அதட்டு அதட்டியது. நாகலெட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்பாடா, என் ராசா!

ஜீவராஜ் குந்தி உட்கார்ந்து அதன் நடையை ஆட்டு வியாபாரியைப் போல உற்றுப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“யாருக்கு விக்கப் போறீங்க? சத்தியமாச் சொல்லுங்க.”

அவன் முகம் செத்துப்போயிற்று. கோப்பையைக் கீழே வைத்தான்.

“விக்கல புள்ள. குளவி கொட்டி மூணு நாளு நீ கண்ணு தொறக்காமக் கெடந்தல்ல, அப்ப முனியாண்டி சாமிகிட்ட சொல்லிட்டேன். இவ உசுரக் குடு, இவ உசுரா வச்சிருக்கிறத ஒனக்குப் பலி குடுக்குறேன்னு. வர்ற வெள்ளி திருவிழா. நொண்டி, குருடு சாமிக்கு ஆகாது. குத்தமாயிரும்.”

அவள் கை காதுக்குப் பின்னால் போயிற்று.

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

கண்டாக்கு திரும்பி வந்து கழுத்தை அவள் மடியில் வைத்தது. அதைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவினாள்.

லயத்துக் கோடியில் வெட்டாமல் விட்டு உயர்ந்துபோன தேயிலை மரம் ஒன்று உண்டு. அதனடியில் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும். உருண்டையாக ஒன்றைப் பொறுக்கி வந்தாள். காய்ந்துபோன புண்ணுக்கு மறுபடி மஞ்சள் பூசினாள். பாதத்துக்கும் துணிக்கும் நடுவில் கொட்டையை வைத்து, வலிக்காதபடி பார்த்துக் கட்டினாள்.

கண்டாக்கு எழுந்து இரண்டு அடி வைத்தது.

நொண்டியது.

கூடையை மாட்டிக்கொண்டு அவள் மலையேறினாள். அன்றைக்கும் நாலாம் நம்பர்தான். அந்த மலை முகப்பில் இருக்கும் முனியாண்டி கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பெண்கள் குளவிக்குப் பயந்து தலைத் துணியைக் காது மூட இழுத்துக் கட்டிக்கொண்டு தேயிலை நிரைகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாகலெட்சுமி கல்லின் முன் நின்றாள். தலைத் துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“கோவம்னா எம்மேல காட்டு” என்று மெல்லச் சொல்லிவிட்டு, குளவிக் கூடு இருந்த மரத்தடி நிரையில் இறங்கினாள்.