மொட்டை வரிசை

ஷீலாவின் கையில் இருந்த படத்தில் சுருட்டை முடிப் பையன். எதிரே நின்றதெல்லாம் மொட்டை.

பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் முந்தாநாள்தான் மாரியம்மன் திருவிழா முடிந்திருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பையன்கள் தலையெல்லாம் சந்தனம். நடுவில் ஆறு வயது தர்வினும் சந்தனத் தலையோடு நின்றான்.

அவனைப் பெற்ற யோகேஸ்வரி வாசற்படியில் நின்றாள். மகன் பக்கம் மட்டும் பார்த்துவிடக் கூடாதே என்று கண்ணைப் படாத பாடுபட்டு வேறெங்கோ வைத்திருந்தாள்.

வெளிநாட்டில், பெர்த் நகரத்தில், புருஷன் புவனேசனோடு சண்டை. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்காள் மருதம்மாள் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டாள். அவன் அங்கே மனுப் போட, அந்த அரசாங்கம் இந்த அரசாங்கத்துக்கு எழுத, இது அதற்குப் பதில் எழுத, தீபாவளியும் பொங்கலும் வந்து போய், ஒருவழியாக இன்றைக்கு வெள்ளைக் காரில் சமூகநல அதிகாரி ஷீலா வந்து இறங்கியிருந்தாள். பிள்ளை இங்கேதான் இருக்கிறான் என்று அவள் உறுதி செய்துவிட்டால் கோர்ட், வழக்கு, பிறகு பிள்ளைக்குத் திரும்பவும் விமானம்.

இரண்டு அரசாங்கத்துக்கும் சேர்த்து ஒரு நாவிதர் போதும் என்று கணக்குப் போட்டவள் மருதம்மாள்தான்.

"முடிய எடுத்துட்டா யாரு புள்ளன்னு சாமிக்கே தெரியாதுலா."

ஷீலா வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தாள். மறுபடியும் நடந்தாள். பெயர் கேட்டால், பையன்களை முந்திக்கொண்டு மருதம்மாளே எல்லாருக்கும் பெயர் சொன்னாள். தர்வினுக்குச் சண்முகம் என்றாள். பாவி, கண்கூடச் சிமிட்டவில்லை.

ஷீலா படத்தைப் பைக்குள் வைத்தாள். யோகேஸ்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று மருதம்மாள் கோயில் பிரசாதம் எடுக்க உள்ளே ஓடினாள்.

அப்போது காரின் பின்கதவு திறந்தது.

உள்ளேயே இருக்கும்படி ஷீலா சொல்லி வைத்திருந்த புவனேசன், பொறுக்கமாட்டாமல் இறங்கிவிட்டான். பிள்ளை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, ஊர் வந்து சேர்ந்த கையோடு அவனும் கோயிலில் முடி கொடுத்திருந்தான். அந்தத் தலையிலும் சந்தனம்.

பெரிய மொட்டையைப் பார்த்துச் சின்ன மொட்டைகள் சிரித்தன. யோகேஸ்வரிக்கே ஒரு நொடி ஆள் தெரியவில்லை.

தர்வின் மட்டும் சிரிக்கவில்லை. வரிசையை விட்டு ஓடிப்போய்ப் புவனேசனின் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, லயம் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்.

"அப்பா, நீங்க யாருகிட்ட ஒளியறீங்க?"

யோகேஸ்வரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மொட்டையும், வாயைத் திறக்காமல் இருப்பதும் சாமிக்கு என்றுதான் மகனிடம் அவள் சொல்லியிருந்தாள்.