பாட்டுப்பெட்டிக்கு எந்தக் கிளை

நரிகளின் கம்பெனி காட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் குஞ்சுகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் பாட்டுப்பெட்டி தரப்போவதாகவும், அதுபற்றி ஆசிரியர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் என்றும் துணைவேந்தர் யானை சொல்லியனுப்பியது. பாட்டு சொல்லித்தரும் மைனா ஆசையோடு போனது. சுருதி பிசகித் தவிக்கிற குஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி காது கொடுத்துக் கேட்குமா என்று கேட்க நினைத்திருந்தது.

"பெட்டியை எந்தக் கிளையில் மாட்டலாம்?" என்றது யானை.

"பெட்டி வேணுமான்னு எப்போ கேட்பீங்க, ஐயா?" என்றது மைனா.

"ஒப்பந்தம்தான் போட்டாச்சே அம்மா. கிளையை மட்டும் நீங்க சொல்லுங்க," என்றது யானை, பரிவாகவே.

மரங்கொத்தி ஒரு கிளையைக் காட்டியது. கூட்டம் கலைந்தது. யானை திரும்பி வந்து கேட்டாலும் கேட்கும் என்று மைனா மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.