ஆற்றில் விழுந்த கணக்கு

அன்றைக்கு ஆற்றுத் துறையில் இருந்தவர்கள்: தையல்காரி, அவள் கணவர் பஸ் டிரைவர், அவள் தங்கை, தங்கையின் கணவர் பல் டாக்டர், துடுப்புப் பலகை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண், அந்தப் பெண்ணின் நாய். ஆக ஐந்து பேர், ஒரு நாய்.

ஆளுக்கு ஒரு நீளப் பலகை; நாய் அந்தப் பெண்ணின் பலகையில். அதன் மேல் நின்றபடி ஒற்றைத் துடுப்பைப் போட்டுக்கொண்டு நகரத்தின் நடுவே போக வேண்டும். மூன்று பாலங்களைத் தாண்டித் திரும்பி வந்தால் ஒரு சுற்று. தண்ணீர் இடுப்பளவுதான், ஓட்டமும் மெதுவானது.

“இப்பவே சொல்லிட்டேன். நான் விழுந்து யாராவது சிரிச்சீங்க, அப்படியே கரையேறி பஸ் பிடிச்சுப் போயிடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்றாள் தையல்காரி.

“எந்த பஸ் அண்ணி? டிரைவர்தான் இங்க இருக்காரே!” என்றார் பல் டாக்டர்.

அவள் சொன்னால் செய்வாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் பழகப் போய்த் தெருமுனையில் சாய்ந்தாள். தெருவே சிரித்தது. முதலில் சிரித்தது கணவர்தான். அன்றைக்கு மூடிய ஸ்கூட்டர் இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் ஆசைப்பட்ட ஒரே விஷயம் இந்தப் பலகை. கடைக்குப் போகும்போதெல்லாம் பாலத்தின் மேல் நின்று பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

முதல் பாலம் வரும் முன்பே விழுந்தாள். தொப்!

முகத்தைத் துடைத்துக்கொண்டு, யார் சிரிப்பது என்று தேடினாள். பல் டாக்டரின் வாய் பாதி திறந்திருந்தது.

அதற்குள் பக்கத்தில் தொபுக்கடீர்!

பஸ் டிரைவர். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம். வரவிருந்த சிரிப்பெல்லாம் அவர் பக்கம் திரும்பிவிட்டது.

“என்ன சகலை, அறுபது பேரை ஏத்திக்கிட்டுச் சந்துல திருப்புற ஆளு நீங்க. ஒத்தை ஆளை ஏத்தி ஓட்ட முடியலையா?”

“பஸ்ஸுக்கு பிரேக் இருக்கு சகலை!”

தையல்காரி மறுபடி ஏறினாள். எழுந்து நின்றாள். விழுந்தாள். அவள் ஏறுவதற்குள் அவரும் விழுந்தார்.

“அத்தான், ஓட்ட வந்தீங்களா, குளிக்க வந்தீங்களா?” என்றாள் தங்கை.

இரண்டாவது பாலத்தின் மேல் ஏழெட்டுப் பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்த இடத்தில்தானா கால் நடுங்க வேண்டும்? விழுந்தாள். மேலே ஒருத்தன் கையை நீட்டிக் காட்டினான். அவளுக்குத் தெருமுனை ஞாபகம் வந்தது. கரை எந்தப் பக்கம் கிட்டே என்று பார்த்தாள்.

பஸ் டிரைவர் பாலத்தைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். வைத்த கை வைத்தபடியே பின்பக்கமாகச் சாய்ந்தார். தொபுக்கடீர்!

பாலமே கைதட்டியது. “சார், இன்னொரு தடவை!”

தையல்காரிக்குக் கரையேற வேண்டும் என்பது மறந்துபோனது. கோபம்தான் வந்தது.

“என்னங்க, மானம் போகுது! காலைப் பார்க்காதீங்க, தூரத்துல பாருங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க.”

“இப்படியா?”

“அப்படியில்லீங்க, இப்படி!” என்று நின்று காட்டினாள். காட்டும்போது அவளும் விழுந்தாள், அவரும் விழுந்தார். ஆனால் அவருக்குச் சொல்லச் சொல்ல அவளுக்கே கால் பழகியது.

மூன்றாவது பாலத்தை நின்றபடியே தாண்டினாள். பாலத்தடி நிழலில் “ஹோய்!” என்று கத்தினாள். பாலமும் “ஹோய்!” என்றது. திரும்பி வருகிற வழி முழுக்க ஒரு தடவைகூட விழவில்லை. தங்கை விசில் அடித்தாள். பல் டாக்டர் துடுப்பைத் தூக்கிக் காட்டினார்.

கரையேறியதும் தையல்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நான் நாலு, அவர் நாலு. நாய் ஒரு தடவைகூட இல்லை.

பயிற்சிக்காரப் பெண், பஸ் டிரைவரின் பலகையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா தேடறே?”

“பலகையில ஏதோ கோளாறு மேடம். சார் நாலு ஞாயிற்றுக்கிழமையா வர்றாரு. முதல் நாள் விழுந்ததோட சரி. போன வாரம் என் நாயையும் ஏத்திக்கிட்டு மூணு பாலமும் நனையாம போயிட்டு வந்தாரு. இன்னிக்கு மட்டும் எப்படி இத்தனை தடவை விழுந்தாருன்னுதான் புரியலை.”

நாலு ஞாயிறு. முடிவெட்டப் போகிறேன் என்று அவர் கிளம்பிப் போன நாலு ஞாயிறு. தலையில் இருப்பது மொத்தமே நாற்பது முடி! பட்டனையும் கொக்கியையும் எண்ணுகிறவள் இதை எப்படி எண்ணாமல் விட்டாள்?

“பலகை நல்லாத்தான் இருக்கும்மா” என்றாள்.

பஸ் டிரைவர் துறையின் ஓரத்தில் நின்று துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். தையல்காரி போய் அவருடைய லைஃப் ஜாக்கெட் கொக்கிகள் மாட்டியிருக்கின்றனவா என்று பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சரியாக இருந்தன.

“என்ன, திடீர்னு அக்கறை?”

“நாளைக்கு ஸ்கூட்டர் உறையைக் கழட்டிடுங்க. ஓட்டிப் பழகணும்.”

“சத்தியமா சிரிக்க மாட்டேன்.”

“சிரிச்சா பரவாயில்லை. கூடவே ஓடிவந்து ரோட்டுல நீங்களும் விழுந்து வைக்காதீங்க.”

அவர் திருதிருவென்று விழிக்கும்போதே இரண்டு கையாலும் ஒரே தள்ளு.

தொபுக்கடீர்!

இந்தத் தடவை முதலில் சிரித்தது அவள்தான்.

ஆக, அன்றைக்கு அவர் விழுந்தது மொத்தம் ஐந்து. வேண்டுமென்றே விழுந்த நாலைக் கழித்தால், மிச்சம் ஒன்று.